வீட்டில் திரைப்படம் பார்க்க வட்டு பிளேயரைத் தேர்ந்தெடுத்தல்

வட்டு பிளேயர் என்பது ஒளிவட்டில் பதிவான படத்தையும் ஒலியையும் லேசர் கதிரால் படித்து, தொலைக்காட்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்பும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் இது சிடி பிளேயர், டிவிடி பிளேயர் என்ற பெயர்களிலேயே வழங்குகிறது. வட்டைத் தமிழ்நாட்டில் குறுந்தகடு என்றும், இலங்கையில் இறுவட்டு என்றும் கூறுவர்.

இணையத்தில் படம் பார்ப்பது பெருகிய பிறகு வட்டு பிளேயர்களின் விற்பனை குறைந்துவிட்டது. ஆயினும் அதன் தேவை முடிந்துவிடவில்லை. இணையத் தளத்தில் இன்றிருக்கும் படம் அடுத்த ஆண்டு இருக்கும் என்ற உறுதி இல்லை. கையில் உள்ள வட்டு நம்முடையது. அதைவிட முக்கியமாக, திருமணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் ஆகியவற்றின் பதிவுகள் பல குடும்பங்களில் வட்டில் மட்டுமே உள்ளன. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு வீட்டுக்கு ஏற்ற பிளேயரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் வட்டு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1980-களில் வீடியோ கேசட்டும் அதை ஓட்டும் கருவியும் வந்தன. அந்தக் கருவியை மக்கள் ‘டெக்கு’ என்றனர். டெக்கையும் வண்ணத் தொலைக்காட்சியையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்பது அக்காலத்து வழக்கம். 1990-களின் பிற்பகுதியில் விசிடி பரவியது. அடுத்த பத்தாண்டில் டிவிடி அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டு நிகழ்வுகள் வட்டைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தன. முதலாவது, 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். இதில் வழங்கப்பட்டவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். இரண்டாவது, 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதற்கு முன் நூறு ரூபாய்க்கு மேல் விலைபோன உரிமம் பெற்ற வட்டு, திருட்டு வட்டின் விலைக்கே கிடைக்கலாயிற்று. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன், ‘சினிமா டூ ஹோம்’ என்ற முயற்சியின் கீழ், தம் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார்.

வட்டுகளின் வகைகள்

எல்லா வட்டுகளும் 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்டவை. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே எழுதப்பட்டுள்ள ‘எழுத்தின் அளவு’ வேறுபடுகிறது. சிறிய எழுத்தைப் படிக்க நுண்மையான லேசர் தேவை. கதிரின் அலைநீளம் குறையக் குறைய அதன் கூர்மை கூடும்.

விசிடி: 1993-இல் தரப்படுத்தப்பட்டது. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். ஏறத்தாழ 74 நிமிடப் படம் கொள்ளும். படத்தின் அளவு 352 × 288 புள்ளிகள்.

டிவிடி: 1996-இல் ஜப்பானில் அறிமுகமானது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒற்றை அடுக்கில் 4.7 ஜிகாபைட், இரட்டை அடுக்கில் 8.5 ஜிகாபைட். படத்தின் அளவு 720 × 576 புள்ளிகள்.

புளூ-ரே: 2006-இல் விற்பனைக்கு வந்தது. 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். ஒற்றை அடுக்கில் 25 ஜிகாபைட், இரட்டை அடுக்கில் 50 ஜிகாபைட். படத்தின் அளவு 1920 × 1080 புள்ளிகள்.

4கே புளூ-ரே: 2016-இல் வந்தது. படத்தின் அளவு 3840 × 2160 புள்ளிகள்.

பெருக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். விசிடியின் ஒரு படச்சட்டத்தில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சத்துக்கு மேல். புளூ-ரேயில் 20 லட்சத்துக்கு மேல். 4கே வட்டில் 82 லட்சத்துக்கு மேல். டிவிடிக்கும் புளூ-ரேக்கும் இடையே 5 மடங்கு வேறுபாடு.

மேல்நிலைக் கருவி கீழ்நிலை வட்டைப் படிக்கும். கீழ்நிலைக் கருவி மேல்நிலை வட்டைப் படிக்காது. புளூ-ரே பிளேயரில் டிவிடி ஓடும். டிவிடி பிளேயரில் புளூ-ரே ஓடாது. விசிடி மட்டும் விதிவிலக்கு: டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் அதை ஓட்டும்; ஆனால் சில புளூ-ரே பிளேயர்கள் விசிடியை ஏற்பதில்லை. வீட்டில் விசிடிகள் இருப்பின், வாங்கும் முன் கருவியின் கையேட்டில் இதைப் பார்ப்பது அவசியம்.

முதற்படி: வீட்டில் உள்ள வட்டுகளை எண்ணுதல்

கடைக்குச் செல்லும் முன் அலமாரியைத் திறந்து, உள்ள வட்டுகளை நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும்: விசிடி, கடையில் வாங்கிய டிவிடி, புகைப்பட நிலையம் பதிவு செய்து தந்த டிவிடி, புளூ-ரே. எந்தக் குவியல் பெரியது, எந்தக் குவியல் அரியது என்பதைக் கொண்டே கருவியை முடிவு செய்யலாம். புளூ-ரே ஒன்றுகூட இல்லாத வீட்டில், இனியும் வாங்கும் எண்ணம் இல்லையெனில், புளூ-ரே பிளேயருக்குக் கூடுதல் பணம் தர வேண்டிய தேவை இல்லை.

வட்டின் தரத்தைக் கருவியின் குறையாக எண்ணிவிடுவதும் உண்டு. ‘மூன்று படங்கள் ஒரே டிவிடி’ என்று விற்கப்பட்ட வட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒற்றை அடுக்கு டிவிடியில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று மட்டும் இருந்தால், ஒவ்வொரு நொடிக்கும் சராசரியாக 4.2 மெகாபிட் தரவு கிடைக்கும். அதே வட்டில் மூன்று படங்களை அடைத்தால் நொடிக்கு 1.4 மெகாபிட்தான் கிடைக்கும். இது விசிடியின் அளவே ஆகும். மழைக் காட்சியிலும் கூட்டக் காட்சியிலும் கட்டம் கட்டமாகப் படம் உடைவதற்கு இதுவே காரணம். இவ்வகை வட்டை எவ்வளவு விலையுயர்ந்த பிளேயரில் போட்டாலும் இழந்த விவரம் திரும்ப வராது.

திரையின் அளவும் பார்க்கும் தூரமும்

நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக் கோண அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். இதைக்கொண்டு எந்தத் தூரத்தில் எந்த வட்டு போதும் என்று கணக்கிடலாம்.

14 அங்குலப் பெட்டியின் திரை உயரம் சுமார் 21 செ.மீ. விசிடியின் 288 வரிகள் அதில் விரியும்போது, 8 அடிக்கு அப்பால் அமர்ந்தால் வரிகள் தனித்தனியே தெரியா. ஆகவே அந்தப் பெட்டிக்கு அந்தத் தூரத்தில் விசிடியே போதுமானதாக இருந்தது. 4 அடியில் அமர்பவருக்கே டிவிடியின் முழுப் பயன் தெரியும்.

40 அங்குல அகலத்திரையின் உயரம் சுமார் 50 செ.மீ. இதில் டிவிடியின் 576 வரிகள் கண்ணுக்குத் தெரியாதிருக்க ஏறத்தாழ 10 அடி விலகி அமர வேண்டும். புளூ-ரேயாயின் 5 அடியிலேயே அமரலாம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பல வீடுகளின் கூடத்தில் தறியே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் சுவரோரம் தொலைக்காட்சியும், அதற்கு ஐந்தாறு அடியில் பாயும் இருக்கும். அத்தகைய வீட்டில் பெரிய திரை வாங்கினால் டிவிடியின் குறைகள் கண்ணை உறுத்தும். மாறாக, நீண்ட கூடமும் 10 அடிக்கு மேல் தூரமும் உள்ள வீட்டில் 40 அங்குலத் திரைக்கு நல்ல டிவிடி பிளேயரே போதும். திரை பெரிதாகவும் இடம் சிறிதாகவும் இருந்தால் புளூ-ரேயின் தேவை கூடும் என்பதே விதி.

படத்தின் வடிவம்

பழைய தமிழ்ப் படங்கள் ஏறத்தாழ 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. 1973-இல் வெளியான ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன்பின் 2.35:1 என்ற நீள்வடிவம் படிப்படியாகப் பரவியது. இன்றைய தொலைக்காட்சிகள் 16:9 வடிவின. எனவே பழைய படத்தில் இருபுறமும், ஸ்கோப் படத்தில் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் தெரிவது இயல்பு. அது பழுது அன்று. பட்டையை நீக்க ரிமோட்டில் திரையை இழுத்துவிட்டால் முகங்கள் தடித்துத் தெரியும்.

பிளேயரின் அமைப்புப் பகுதியில் தொலைக்காட்சியின் வடிவத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். அகலத்திரைக்கு 16:9; பழைய பெட்டிக்கு 4:3 லெட்டர்பாக்ஸ். ‘பான் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தால் படத்தின் இருபக்கமும் வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் நடிகர் காணாமற்போவார்.

இணைப்புத் துளைகள்

பிளேயரின் பின்புறத் துளைகளும் தொலைக்காட்சியின் துளைகளும் பொருந்துகின்றனவா என்பதே கடையில் முதலில் பார்க்க வேண்டியது.

ஏ.வி. இணைப்பு: மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று முனைகள். மஞ்சள் படத்துக்கு, மற்றவை இடவல ஒலிக்கு. நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் பட்டுப்புடவையின் நெருங்கிய கட்டங்கள், கோடுகள் ஆகியவற்றின் ஓரங்களில் வானவில் நிறங்கள் மினுங்கும்.

காம்பொனன்ட் இணைப்பு: பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று முனைகளும் படத்துக்கே. டிவிடியின் முழுத் தெளிவும் கிடைக்கும். ஒலிக்குத் தனியே இரு கம்பிகள் தேவை.

எச்டிஎம்ஐ: படமும் ஒலியும் ஒரே கம்பியில் எண்முறையில் செல்லும். புளூ-ரேக்கு இதுவே வழி.

புளூ-ரே வட்டுகளின் நகல்தடுப்பு உரிம விதிகளின்படி, 2013-க்குப் பின் தயாரான புளூ-ரே பிளேயர்களில் படத்துக்கான ஏ.வி., காம்பொனன்ட் துளைகள் இரா. படக்குழாய்த் தொலைக்காட்சி மட்டுமே உள்ள வீட்டில் அத்தகைய பிளேயரை நேரடியாக இணைக்க இயலாது. மறுபுறம், புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் ஏ.வி. துளைகளே இல்லை, சிலவற்றில் ஒரே சிறு துளையும் அதற்கான இடைக்கம்பியும் மட்டுமே இருக்கும். பழைய பிளேயரைப் புதிய தொலைக்காட்சியுடன் இணைக்க எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

‘1080பி அப்ஸ்கேலிங்’ என்று பெட்டியில் அச்சிட்ட டிவிடி பிளேயர்கள் உண்டு. இவை டிவிடியின் படத்தைப் பெரிதாக்கி அனுப்புகின்றனவே அன்றி, வட்டில் இல்லாத விவரத்தைச் சேர்ப்பதில்லை. தொலைக்காட்சியும் இதே வேலையைத் தானே செய்யும். எச்டிஎம்ஐ துளைக்காக இத்தகைய பிளேயரை வாங்கலாம். அதைப் புளூ-ரேக்கு இணை என்று கருதுதல் தவறு.

ஒலி

விசிடியில் இரு தடங்கள் மட்டுமே உண்டு. டிவிடியில் டால்பி டிஜிட்டல் முறையில் 5.1 தடங்கள் இருக்கலாம்: முன்னே இடம், நடு, வலம், பின்னே இடம், வலம், அதிர்வொலிக்கு ஒன்று. 2012-இல் வெளியான ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸ் ஒலியுடன் வந்த முதல் இந்தியப் படம். ஆனால் திரையரங்கில் கேட்ட ஒலி வட்டிலும் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. வட்டின் உறையில் அச்சிட்டிருப்பதே கிடைக்கும்.

பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை. 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் வரும். ஆறு ஒலித்துளைகள் உள்ள பிளேயரில் முன் இடம், வலம் இரண்டை மட்டும் இணைத்துவிட்டு, அமைப்பில் 5.1 என்றே விட்டுவைத்தால், நடுத் தடத்தின் வசனம் எங்கும் செல்லாது. அமைப்புப் பகுதியில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘டவுன்மிக்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் வசனம் இரு ஒலிபெருக்கிகளுக்கும் வந்துவிடும். புதுக் கருவி வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்த்தால் செலவே மிச்சமாகலாம். இரவில் குறைந்த ஒலியில் பார்ப்போர் ‘டைனமிக் ரேஞ்ச்’ சுருக்கத்தை இயக்கிக்கொள்ளலாம்.

தனி ஹோம் தியேட்டர் கருவி இருப்பின், பிளேயரின் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் துளை வழியே டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலியை அனுப்பலாம். புளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இழப்பற்ற ஒலிகள் ஆப்டிகல் கம்பியில் செல்லா; எச்டிஎம்ஐ தேவை. பிளேயரை முதலில் ஒலிக்கருவிக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் இணைப்பதே பாதுகாப்பான முறை. தொலைக்காட்சி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால், சில தொலைக்காட்சிகள் 5.1 ஒலியை இரு தடமாகக் குறைத்துவிடும்.

மண்டலக் குறியீடு

திரைப்பட நிறுவனங்கள் உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்து டிவிடிகளை வெளியிட்டன. அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூர், மலேசியா அடங்கிய தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. புளூ-ரேயில் ஏ, பி, சி என மூன்றே மண்டலங்கள். இந்தியா ‘சி’ மண்டலத்தில் உள்ளது. சிங்கப்பூரும் அமெரிக்காவும் ‘ஏ’. 4கே புளூ-ரே வட்டுகளுக்கு மண்டலத் தடை இல்லை.

தமிழ்ப்பட டிவிடிகள் பல, வெளிநாட்டுத் தமிழரையும் கருதி, எல்லா மண்டலங்களிலும் ஓடுமாறு வெளியிடப்பட்டன. ஆங்கிலப் பட வட்டுகளை உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும்போதே சிக்கல் எழும். எனவே மண்டலத் தடையற்ற டிவிடி பிளேயர் கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மற்றொரு வேறுபாடு பால், என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறைகள். இந்தியாவில் பால் முறை. அமெரிக்காவில் என்டிஎஸ்சி முறை. இங்கு விற்கும் பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் ஏற்கும். அமெரிக்கப் பிளேயர்கள் பெரும்பாலும் பால் வட்டை ஏற்கா. காஞ்சிபுரத்தில் நடந்த திருமணத்தின் டிவிடியை அமெரிக்காவில் உள்ள மகளுக்கு அனுப்பினால் அங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம், கணினியில் ஓடும். நம் வீட்டிலும் படம் கருப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரிந்தால், பிளேயரின் வெளியீட்டு முறை தவறாக அமைந்திருக்கலாம். அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பால்’ என மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடையில் சோதித்தல்

கடைக்காரர் போட்டுக்காட்டும் வட்டு எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். வாங்குபவர் தம் வீட்டு வட்டுகளிலிருந்தே மூன்றை எடுத்துச் செல்ல வேண்டும்: கீறல் விழுந்த ஒன்று, புகைப்பட நிலையம் பதிவு செய்து தந்த ஒன்று, இரட்டை அடுக்கு கொண்ட திரைப்பட டிவிடி ஒன்று. சோதிக்க வேண்டியவை:

1. கீறல் வட்டில் எவ்வளவு விரைவாகத் தடை தாண்டுகிறது.

2. பதிவு செய்த வட்டை அடையாளம் காண எவ்வளவு நேரம் எடுக்கிறது. மூன்று முயற்சிகளில் ஒருமுறை தவறினாலும் அக்கருவி வேண்டாம்.

3. இரட்டை அடுக்கு வட்டின் நடுவே அடுக்கு மாறும்போது படம் எவ்வளவு நேரம் நிற்கிறது.

4. உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா.

5. மின்சாரம் போய் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா.

6. யூஎஸ்பி துளை எந்தெந்தக் கோப்புகளை ஏற்கிறது. பல பிளேயர்கள் எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது.

7. வட்டு சுழலும் ஓசை அமைதியான காட்சியில் கேட்கிறதா.

மின்சாரம், வெப்பம், தூசி

பின்புறத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று குறித்திருந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைக் கருவி ஓரளவு தாங்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் 110 அல்லது 120 வோல்ட் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அதை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகக் கூடாது. மின்மாற்றி இன்றிச் செருகினால் கருவி பழுதாவதுடன் தீ ஆபத்தும் உண்டு.

தறியும் இராட்டையும் இயங்கும் வீட்டில் நூல்துகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அது லென்சில் படிந்தால் நல்ல வட்டும் திணறும். பிளேயரைத் தறியிலிருந்து தள்ளி, சுவர் அலமாரியில், காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். சூடாகும் ஒலிக்கருவியின் மேல் வைக்கக் கூடாது. வட்டுத்தட்டைத் திறந்தபடி விடக் கூடாது.

வட்டைத் துடைக்க மெல்லிய, சுத்தமான பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். தரவு வட்டத் தடத்தில் எழுதப்பட்டிருப்பதால், வட்டமாகத் துடைத்து விழும் கீறல் ஒரே தடத்தை நெடுந்தூரம் அழிக்கும். நேர்க்கீறல் ஒவ்வொரு தடத்திலும் சிறிதளவே அழிக்கும், அதைக் கருவியின் பிழைதிருத்த முறை ஈடுசெய்துவிடும். பட்டு மென்மையானது என்று கருதி வெட்டுத்துணியால் துடைப்போரும் உண்டு. ஜரிகை என்பது உலோக இழை. அது கலந்த துணி வட்டில் கட்டாயம் கூடாது.

விசிடியில் பெயர் அச்சிட்ட மேற்புறமே ஆபத்தான பக்கம். தரவைத் தாங்கும் பளபளப்பான படலம் அந்த அச்சுக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. மேற்புறம் உரிந்தால் வட்டு போயிற்று. டிவிடியில் அப்படலம் இரு தகடுகளின் நடுவே உள்ளது.

மூன்று வீடுகள், மூன்று விடைகள்

முதல் வீடு: படக்குழாய்த் தொலைக்காட்சி, நாற்பது ஐம்பது விசிடிகள், சில டிவிடிகள். ஏ.வி. துளைகளுள்ள எளிய டிவிடி பிளேயர் போதும். இயங்கும் நிலையில் உள்ள பழைய பிளேயரைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே சிக்கனம்.

இரண்டாம் வீடு: 40 அங்குலத் திரை, பெரும்பாலும் டிவிடிகள், பென் டிரைவில் படங்கள். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி இரண்டும் உள்ள டிவிடி பிளேயர் பொருந்தும். 6 அடிக்குள் அமர்ந்து பார்ப்பவராயின் புளூ-ரே பிளேயரைக் கருதலாம்.

மூன்றாம் வீடு: 55 அங்குல 4கே திரை, 5.1 ஒலிக்கருவி, தேர்ந்த படங்களைச் சேகரிக்கும் ஆர்வம். புளூ-ரே அல்லது 4கே புளூ-ரே பிளேயர் தகும். ஆனால் தாமதிக்கக் கூடாது. ஓப்போ நிறுவனம் 2018-இல் புளூ-ரே பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாதிரிகளை நிறுத்துவதாக அறிவித்தது. தேர்வுக்குரிய மாதிரிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

திருமண வட்டுகள்

கடையில் வாங்கிய திரைப்பட டிவிடி அச்சில் வார்த்தெடுத்தது. புகைப்பட நிலையம் தந்த டிவிடி அவ்வாறன்று. அதில் ஒரு சாயப் படலம் உண்டு; லேசர் அதைச் சுட்டுத் தரவை எழுதுகிறது. சாயம் வெயிலில் வெளிறும் என்பதை நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் வெப்பமும் ஈரமும் இந்தச் சாயத்தையும் மெல்ல மாற்றும். முதலில் வட்டின் விளிம்பில், அதாவது பதிவின் கடைசிப் பகுதியில், படம் தடுமாறும். பின்னர் வட்டே அடையாளம் காணப்படாது.

திரைப்படத்துக்கு வேறு வட்டு வாங்கலாம். முகூர்த்தப் புடவையில் நின்ற அம்மாவும், வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்ற தாத்தாவும் உள்ள வட்டுக்கு மாற்று இல்லை. எனவே பிளேயர் வாங்கும் அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிவிடி எழுதி உள்ள கணினியிலோ, யூஎஸ்பியில் இணைக்கும் வெளி டிவிடி டிரைவிலோ வட்டைப் போட்டு, அதிலுள்ள ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையை முழுமையாக நகலெடுக்க வேண்டும். மூன்று வட்டுகள் கொண்ட திருமணப் பதிவு 14 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. 32 ஜிகாபைட் பென் டிரைவில் அடங்கும். ஒரு நகல் வன்தட்டில், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் என இரண்டாக வைப்பது நன்று. பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. மூல வட்டை எறிய வேண்டாம்; உறையிலிட்டு, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம்.

கணினியில் ஓடாத வட்டு ஒரு பழைய பிளேயரில் ஓடக்கூடும். கருவிக்குக் கருவி லேசரின் திறன் வேறுபடுவதே காரணம். ஆகவே ஓடும் நிலையில் உள்ள பழைய பிளேயரைப் பழைய இரும்புக்குப் போடும் முன், வீட்டில் உள்ள பதிவு வட்டுகள் அனைத்தும் நகலெடுக்கப்பட்டனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52ஏ பிரிவின்படி, விற்கப்படும் திரைப்பட வட்டின் உறையில் தணிக்கைச் சான்றிதழின் நகல், வட்டை வெளியிட்டவரின் பெயர், முகவரி, உரிமம் பெற்றதற்கான அறிவிப்பு, பதிப்புரிமை உடையவரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத வட்டு ஐயத்துக்குரியது. தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, திருட்டு வீடியோ தயாரிப்போரும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர். உரிமம் பெற்ற வட்டில் படத்தின் தரமும் ஒலியும் துணையெழுத்தும் சரியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. பழைய வட்டுக் கடைகளில் அவை இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது உறையைப் படித்து, வட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து வாங்க வேண்டும்.